ஓடாதே என்று சொல்லும் முன்

நேயர்களுக்கு வணக்கம்.

நான்கு வயதுக் குழந்தை படிக்கட்டில் இறங்குவதைக் கவனித்திருப்பீர்கள். கடைசிப் படி வந்ததும் நிற்கும். இரண்டு கைகளையும் பின்னால் வீசித் தொப்பென்று குதிக்கும். உடனே திரும்பி ஏறி மறுபடியும் குதிக்கும். நமக்கு அவசரம். "போதும், வா" என்று கையைப் பிடித்து இழுத்துவிடுகிறோம். ஆனால் அந்தக் குதியில் எவ்வளவோ நடக்கிறது. கால் தரையில் பதியும்போது இறங்கும் அழுத்தம்தான் எலும்பைக் கெட்டிப்படுத்துகிறது. விழாமல் நிற்க மூளையும் தசைகளும் உள்காதும் சேர்ந்து பழகுகின்றன. வாழ்நாள் முழுக்க நம்மைத் தாங்கும் எலும்பு வலுவில் பெரும்பகுதி பதின்பருவம் முடிவதற்குள் சேர்ந்துவிடும். அப்புறம் சேர்ப்பது கடினம்.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடலுழைப்பு வேண்டும். ஒரே மூச்சில் வேண்டியதில்லை, பிரித்துப் பிரித்துச் செய்தாலும் கணக்குதான். ஆனால் கொஞ்சம் மூச்சு வாங்க வேண்டும். பேச முடியும், பாட முடியாது என்ற அளவுக்காவது. வாரத்தில் 3 நாளாவது வேகமான ஓட்டம், குதிப்பது, ஏறித் தொங்குவது இருக்கட்டும். 3, 4 வயதுக் குழந்தைகளுக்கு, அதே நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, நாள் முழுவதிலும் சேர்த்து 180 நிமிடம். மலைக்காதீர்கள். தடுக்காமல் விட்டாலே பாதிக் கிணறு தாண்டிவிடுவார்கள்.

சிக்கல் வளர்ந்த பிள்ளைகளிடம்தான். 146 நாடுகளின் விவரங்களைத் தொகுத்து 2016-ஆம் ஆண்டு நிலையைக் கணக்கிட்டார்கள். 11 முதல் 17 வயதுக்குள் 100 பேரில் 81 பேர் அந்த 60 நிமிட அளவை எட்டவில்லை. பையன்களில் 78 பேர், பெண்களில் 85 பேர். எனக்குப் பெரிதும் வருத்தம் தருவது இந்தக் கடைசி எண். நேற்றுவரை ஓடிப்பிடித்து விளையாடிய பெண், ஒரு வயது வந்ததும் ஓரமாக நின்று வேடிக்கை பார்க்கிறாள். உடை சங்கடம், யாராவது பார்ப்பார்களோ என்ற கூச்சம், மாதவிடாய் நாள்களைப் பற்றிய பயம். அதோடு "வளர்ந்த பெண்ணுக்கு என்ன ஓட்டம்" என்று நாமும் சொல்லிவைக்கிறோம். அவளுக்கு வசதியான உடை வாங்கிக் கொடுங்கள். மாதவிடாய் நாள்களிலும், உடம்புக்கு முடிந்தால், தாராளமாக விளையாடலாம் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். போட்டி பிடிக்கவில்லையா, சரி. நடனம், நீச்சல், சைக்கிள் எல்லாமே உடலுழைப்புதான்.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தப்பு செய்த பிள்ளையை மைதானத்தைச் சுற்றி ஓட விடாதீர்கள். ஓட்டம் தண்டனையானால் பிள்ளைக்கு ஓட்டமே கசந்துவிடும். பெற்றோரும் "குண்டாகிவிடுவாய், போய் ஓடு" என்று விரட்ட வேண்டாம். "வா, நாம் பந்து விளையாடலாம்" என்று எழுந்து வாருங்கள். அரை மணி நேர அறிவுரையைவிடப் பத்து நிமிடம் கூட விளையாடுவது பலன் தரும்.

ஆஸ்துமா உள்ள குழந்தையைப் பயந்துபோய் உட்காரவைத்துவிடுகிறார்கள். மருத்துவர் சொன்னபடி மருந்து எடுத்து நோய் கட்டுக்குள் இருந்தால், பெரும்பாலான குழந்தைகள் மற்றவர்களைப் போலவே ஓடியாடலாம். இன்ஹேலர் மட்டும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கும் பரிந்துரை அதே 60 நிமிடம்தான். சக்கர நாற்காலியில் வரும் குழந்தைக்காக ஆட்டத்தின் விதியைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டால் போதும். எதை மாற்றலாம் என்று அந்தக் குழந்தையையே கேளுங்கள்.

நன்றி, வணக்கம்.