ஊட்டிக் குளிரில் ஓர் உடற்கூறியல் கூடம்: மேசைக்கு முன் காற்று

வணக்கம் நண்பர்களே. மருத்துவ மாணவர்கள் தானமாக வந்த உடல்களை அறுத்துப் படிக்கும் உடற்கூறியல் கூடத்தை மலையில் அமைக்க என்னென்ன வாங்க வேண்டும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். மேசை, தொட்டி, எலும்புக்கூடு, கண்ணாடிக் குடுவை என்று பட்டியல் எல்லோரிடமும் இருக்கிறது. ஆனால் அது சமவெளிக்காக எழுதப்பட்டது. அதை அப்படியே 2,240 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவந்தால் சரிப்படாது.

இந்தப் பாட்டிலைக் கேமராவுக்கு அருகில் காட்டுகிறேன். இது உடலைக் கெடாமல் பதப்படுத்தும் ஃபார்மலின், 37 முதல் 40 சதவீதம்வரை ஃபார்மால்டிஹைடு உள்ள கரைசல். தெளிவாக இருக்க வேண்டியது, அரிசி கழுவிய நீராகக் கலங்கி, அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பாருங்கள். மட்டமான சரக்கு என்று விற்றவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். குளிரில் ஃபார்மால்டிஹைடு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பாராஃபார்மால்டிஹைடாகப் படிகின்றன. இதைத் தடுக்கத்தான் மெத்தனால் சேர்க்கிறார்கள். உதகையின் ஜனவரி உறைபனிக்கு அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. படிந்த அளவுக்குக் கரைசலின் வீரியம் குறைந்துவிடும். ஒரு குடும்பம் துக்கத்துக்கு நடுவிலும் மனமுவந்து கொடுத்த உடலை, வீரியம் போன மருந்தால் பதப்படுத்திக் கெடவிடலாமா? சேமிப்பறை 20 டிகிரிக்குக் குறையாமல் இருக்க வேண்டும். மெத்தனால் தீப்பற்றக்கூடியது, ஆகவே கம்பி சிவக்கும் ஹீட்டரை அங்கே அனுமதிக்கவே கூடாது. சுடுநீர்க் குழாய் ஓடும் ரேடியேட்டர்தான் என் தேர்வு. பதப்படுத்தும் திரவத்தில் சேர்க்கும் கிளிசரினும் குளிரில் கெட்டிப்பட்டுவிடும்; திரவத்தை வெதுவெதுப்பாக்கிக் கலந்தால்தான் தொடைத் தமனி வழியாக உடலுக்குள் தடையின்றி இறங்கும்.

அடுத்தது காற்று. பணம் குறைவாக இருந்தால் மேசையின் பளபளப்பில் மிச்சம் பிடியுங்கள், இதில் மட்டும் வேண்டாம். சமவெளியில் ஜன்னலைத் திறந்துவிடுவார்கள். இங்கே மூடுபனி உள்ளே வரும் என்று எல்லாவற்றையும் அடைத்துவிடுகிறோம். கூடத்தைச் சூடாக்கினால் ஆவி இன்னும் அதிகமாக எழும். ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இலேயே வகைப்படுத்திவிட்டது. கூரையில் காற்றாடி வைத்து உறிஞ்சினால், குனிந்து நிற்கும் மாணவரின் மூக்கைத் தாண்டித்தான் அந்த ஆவி மேலே போகும். காற்று மேலிருந்து இறங்கி, மேசை விளிம்பிலோ தரையருகிலோ உறிஞ்சப்பட்டு வெளியேற வேண்டும். உள்ளே விடும் காற்றைச் சூடாக்கி அனுப்பும் வசதியையும் சேர்த்தே கேளுங்கள். இல்லையென்றால் குளிர் தாங்காமல் யாராவது காற்றோட்ட இயந்திரத்தையே அணைத்துவிடுவார்கள்.

பதப்படுத்தும் திரவத்தில் மணத்துக்காக நீலகிரித் தைலம் சேர்ப்பதுண்டு. நம் ஊர்ச் சரக்கு, எனக்கும் பிடிக்கும். ஆனால் அது நாற்றத்தைத்தான் மறைக்கும். நச்சு அப்படியே இருக்கும்.

மேசைக்கு 304 தரத் துருப்பிடிக்காத எஃகு, உயர்ந்த விளிம்பு, வடிகாலை நோக்கிய சரிவு போதும். எலும்புகளை மர அலமாரியில் வைக்காதீர்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும்.

அந்த வடிகால் எங்கே போகிறது என்று பொறியாளரிடம் கேட்டீர்களா? மலையில் திறந்துவிடும் எதுவும் கீழே மோயாற்றுக்கோ பவானிக்கோதான் இறங்கும். மேசைக் கழிவைத் தனித் தொட்டியில் பிடித்து, நச்சு நீக்கிய பிறகே வெளியே விட வேண்டும். அந்தத் தொட்டிக்கான இடம் வரைபடத்தில் இல்லையென்றால், ஒப்பந்தப்புள்ளி கோருவதை நிறுத்திவைத்து, முதலில் அதை வரையச் சொல்லுங்கள்.