போன மாசம் படிச்ச பக்கம் இப்ப ஏன் கிடைக்கல? – சந்தேகங்களுக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. "போன மாசம் கூகுள்ல தேடி ஒரு கட்டுரை படிச்சேன். இப்ப அதே வார்த்தையைப் போட்டாலும் வரமாட்டேங்குது, எப்படி எடுக்குறது?"னு ஒருத்தர் கேட்டிருக்காங்க.

நீங்க தேடுற நேரத்துல கூகுள் ஒவ்வொரு தளமா போய்ப் பார்க்கிறதில்ல. முன்னாடியே பக்கங்களைப் படிச்சு, எந்த வார்த்தை எந்தப் பக்கத்துல இருக்குன்னு ஒரு அட்டவணை போட்டு வெச்சிருக்கு. புத்தகத்தோட கடைசியில இருக்குமே சொல்லடைவு, அது மாதிரி. தேடுறது அதுக்குள்ளதான். தளத்துக்காரங்க ‘நோஇண்டெக்ஸ்’னு ஒரு வரி சேர்த்துட்டா, அடுத்த தடவை கூகுள் வந்து படிக்கும்போது அந்தப் பக்கத்தை அட்டவணையிலேருந்து எடுத்துடும். பக்கம் அங்கயேதான் இருக்கும், தேடினா வராது.

அதனால மறுபடி மறுபடி கூகுளோட மல்லுக்கட்டாதீங்க. முதல்ல உங்க பிரவுசரைப் பாருங்க. கம்ப்யூட்டர்ல குரோம்னா கன்ட்ரோலும் எச்சும் அழுத்தினா ஹிஸ்டரி வரும். 90 நாளைக்குத்தான் இருக்கும். இங்க நிறைய பேர் தடுமாறுறது எங்கேன்னா, கட்டுரைக்குள்ள படிச்ச வரியை அடிச்சுப் பார்க்கிறாங்க. சாதாரணமா அது தலைப்பையும் முகவரியையும் மட்டும்தான் தேடும். அதனால தளத்தோட பேரை அடிங்க. போன்ல படிச்சிருந்தா போன்லயே தேடுங்க. சிங்க், அதாவது ஒரே கணக்கால ரெண்டு கருவியோட ஹிஸ்டரியையும் இணைக்கிற வசதி, போடாம இருந்தா கம்ப்யூட்டருக்கு வராது. ஹிஸ்டரியைச் சேமிக்காத இன்காக்னிட்டோ ஜன்னல்ல படிச்சிருந்தா, ஹிஸ்டரியில ஒண்ணும் இருக்காது.

90 நாள் தாண்டிடுச்சா? கூகுள் கணக்குல நீங்க தேடினதெல்லாம் பதிவாகுற ‘மை ஆக்டிவிட்டி’ பக்கத்துக்குப் போங்க. அதுல சேமிக்கிற அமைப்பு ஆன்ல இருந்திருந்தா, அன்னிக்கு அடிச்ச வார்த்தை தேதியோட இருக்கும். நாம இப்ப நினைச்சுக்கிட்டு இருக்கிற வார்த்தையும் அன்னிக்கு அடிச்சதும் பெரும்பாலும் ஒண்ணா இருக்காது, அங்கதான் சிக்கல்.

தளம் மட்டும் ஞாபகம் இருந்தா, கூகுள்ல ‘சைட்’னு ஆங்கிலத்துல அடிச்சு, ஒரு கோலன் வெச்சு, இடைவெளி விடாம தள முகவரி, அப்புறம் ஒரு இடைவெளி விட்டு வார்த்தை. கோலனுக்கு அப்புறம் இடைவெளி விட்டா வேலை செய்யாது.

முகவரி கிடைச்சு, பக்கம் திறக்கலேன்னா? பக்கத்தோட சேமிச்ச நகலைக் காட்டுற, கூகுள் முன்னாடி கொடுத்த கேஷ் வசதியை 2024-ல எடுத்துட்டாங்க. பழைய இணையப் பக்கங்களோட நகலைச் சேமிச்சு வைக்கிற வேபேக் மெஷின் தளத்துல அந்த முகவரியைப் போடுங்க. காலண்டர்ல நீல வட்டம் இருக்கிற தேதியைத் தொடுங்க. பச்சைன்னா வேற முகவரிக்குத் திருப்பிவிட்டதைத்தான் பதிவு பண்ணியிருக்கு. லாகின் பண்ணிப் படிச்ச பக்கமெல்லாம் அங்க இருக்காது.

பழைய தமிழ்த் தளம்னா இன்னொரு சிக்கல். ஆங்கில எழுத்துகளோட இடத்துல தமிழ் வடிவத்தைக் காட்டுற பழைய பாமினி எழுத்துருல போட்ட பக்கத்துல ‘அம்மா’ங்கிறது உள்ள எம், கே, செமிகோலன், கே, எச்னுதான் பதிவாகியிருக்கும். இப்ப நாம எல்லாரும் அடிக்கிற யூனிகோட் தமிழ்ல தேடினா மாட்டாது. ஒரு கன்வெர்ட்டர்ல வார்த்தையைப் பாமினிக்கு மாத்தி, அதைப் போட்டுத் தேடிப் பாருங்க.