குழந்தை விரல் நீட்டிய அன்று எனக்குத் திரும்பி வந்த பிரார்த்தனை

வணக்கம். இன்று கொஞ்சம் தாழ்ந்த குரலில்தான் பேசப்போகிறேன். பக்கத்து அறையில் சின்னவள் இப்போதுதான் கண் அயர்ந்தாள். பெரியவன் அவனுடைய அப்பாவோடு வெளியே போயிருக்கிறான். எனக்கு நாற்பது நிமிடம் கிடைக்கலாம். அதற்குள் அவள் எழுந்துவிட்டால் இந்த வீடியோ அந்த இடத்திலேயே நின்றுவிடும், முன்பே சொல்லிவிடுகிறேன்.

என்னைப் புதிதாகப் பார்ப்பவர்களுக்காக ஒரு வரி. பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு 13 மாதம். நம்பிக்கையைப் பற்றி நான் இதுவரை வீடியோவில் பேசியதில்லை. பேசும் தகுதி இருப்பதாகத் தோன்றவில்லை, அதுதான் காரணம். ஏனென்றால் சின்னவள் பிறந்த பிறகு ஏறக்குறைய ஓராண்டு நான் பிரார்த்தனையே செய்யவில்லை.

கடவுள்மேல் கோபம் என்றெல்லாம் இல்லை. கண்ணை மூடினால் தூங்கிவிடுவேன், அவ்வளவுதான். பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை தூங்கும் என்கிறார்கள், உண்மைதான். ஆனால் அந்தத் தூக்கம் துண்டு துண்டாக வரும். அந்தத் துண்டுகளுக்கு நடுவில் பெரியவனுக்குச் சாப்பாடு, துணி, அவனுடைய கேள்விகள். இரவில் படுக்கையில் சாய்ந்து இரண்டு வார்த்தை வேண்டிக்கொள்ளத் தொடங்குவேன், மூன்றாவது வார்த்தைக்குள் உறங்கியிருப்பேன். விழித்ததும் ஒரு குற்ற உணர்வு. நாளாக நாளாக அந்தக் குற்ற உணர்வைச் சந்திக்க விருப்பமில்லாமல் தொடங்குவதையே விட்டுவிட்டேன்.

இங்கே ஒன்றை நிறுத்திச் சொல்ல வேண்டும். என்னுடையது களைப்பு. ஆனால் பிள்ளை பெற்ற பிறகு இரண்டு வாரத்துக்கு மேல் மனம் இருண்டே கிடந்தால், எதிலும் ஒட்டாமல் போனால், குழந்தையைப் பார்த்தால்கூட ஒன்றும் தோன்றாமல் இருந்தால், அது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். அதை நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டாக்டரிடம் போங்கள். அதற்குச் சிகிச்சை உண்டு, குணமும் ஆகும்.

சரி. பிரார்த்தனை திரும்பி வந்தது ஒரு குழாயால். அதைச் சொல்கிறேன்.

எங்கள் சமையலறைக் குழாய் பல வாரங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு இறுக்கி மூடினாலும் நிற்காது. அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம், இன்னும் முடிக்காத வேலைகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வரும். ஒரு நாள் காலை, சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தேன். அவள் திடீரென்று அசையாமல் நின்றுவிட்டாள். இடுப்பில் இருக்கும் குழந்தை அசைவதை நிறுத்தினால் உடனே தெரிந்துவிடும், எடையே மாறும். என்னவென்று பார்த்தேன். வலது கையை நீட்டியிருந்தாள். மற்ற விரல்கள் மடங்கி, ஆள்காட்டி விரல் மட்டும் நிமிர்ந்து நின்றது. அவள் வாயில் வைத்திருந்த விரல் அது, நுனி ஈரமாகப் பளபளத்தது. குழாயைக் காட்டினாள்.

நானும் பார்த்தேன். குழாய் விளிம்பில் முதலில் ஒரு நீர்க்கோடு. அது நடுவில் கூடிப் பருத்துத் தொங்கியது. உள்ளே எங்கள் ஜன்னல் தலைகீழாக, கடுகளவில் தெரிந்தது. பிறகு மெல்ல நீண்டு, கழுத்து இளைத்து, விழுந்தது. அவள் என் பக்கம் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். மறுபடியும் குழாய். மறுபடியும் விரல். அடுத்த சொட்டு கூடும்வரை மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தாள். விழுந்ததும் மீண்டும் என் முகம்.

அவளுக்கு அந்தச் சொட்டு வேண்டும் என்பதில்லை. கொடு என்று கேட்கவில்லை. கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: கை முழுவதும் விரியும், உடம்பே முன்னால் பாயும், கிடைக்கவில்லை என்றால் சிணுங்கல் வரும். இது அப்படியில்லை. நான் பார்க்கிறேனா என்று மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. நான் பார்த்ததும் அவளுக்குப் போதும்.

இதைப் பிறகு தேடிப் படித்தேன். 1975இல் எலிசபெத் பேட்ஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவரோடு இரண்டு இத்தாலிய ஆய்வாளர்களும் இதைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். பேச்சு வருவதற்கு முன்பே குழந்தைகள் இரண்டு விதமாகச் சுட்டிக்காட்டுகிறார்கள். ஒன்று, எனக்கு அது வேண்டும் என்பதற்கு. இன்னொன்று, அதைப் பார் என்பதற்கு. இரண்டாவதில் குழந்தை ஒரு பொருளையும் பெறுவதில்லை. ஒரு வயதை ஒட்டி இது தெளிவாக வந்துவிடுகிறது. கைக்கு எதுவும் வராமலே, தான் கண்டதை இன்னொருவரோடு சேர்ந்து காண வேண்டும் என்ற ஆசை, வார்த்தைக்கு முன்பே பிறந்துவிடுகிறது. இதைப் படித்த இரவு எனக்கு வெகுநேரம் தூக்கம் வரவில்லை.

(இதைக் கேட்டுவிட்டு உடனே பயந்துவிடாதீர்கள். குழந்தைக்குக் குழந்தை முன்பின் இருக்கும். ஆனால் ஒன்றரை வயது ஆன பிறகும் குழந்தை எதையும் உங்களிடம் காட்டுவதில்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் ஒரு முறை பேசிவிடுங்கள். தள்ளிப்போட வேண்டாம்.)

ஏன் தூக்கம் வரவில்லை என்று சொல்கிறேன். என் வாழ்நாளில் நான் செய்த பிரார்த்தனைகளை நினைத்துப் பார்த்தேன். எல்லாமே முதல் வகை விரல். பரீட்சைக்கு, வேலைக்கு, பிரசவம் நல்லபடியாக முடிய, காய்ச்சல் இறங்க. கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறேன். ஒரு நாளாவது, எதுவும் கேட்காமல், 'இதைப் பார்' என்று கடவுளிடம் எதையாவது காட்டியிருக்கிறேனா? ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

அன்று இரவு வேண்டிக்கொள்ளக் கண்ணை மூடவில்லை, மூடினால் பழையபடி உறங்கிவிடுவேனோ என்ற பயம். சின்னவளின் பாதம் போர்வைக்கு வெளியே இருந்தது. குதிகால் இன்னும் தடிக்கவில்லை, நடக்கத் தொடங்கி சில நாட்களே ஆகியிருந்தன. மனதுக்குள் சொன்னேன்: 'இந்தக் குதிகாலைப் பார்.' அவ்வளவுதான் பிரார்த்தனை. அதற்கு மூன்று வார்த்தைகள் போதுமானதாக இருந்தன. ஓராண்டுக்குப் பிறகு யாரோ என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது. இதற்கு மேல் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் அது உண்மை.

ஒரு நிமிடம்... ஏதோ சத்தம் கேட்டது.

இல்லை, புரண்டு படுத்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு இரவில் பெரியவனையும் சேர்த்துக்கொண்டேன். விளக்கை அணைத்த பிறகு, இன்று கடவுளுக்கு எதைக் காட்டலாம் என்று கேட்பேன். ஆளுக்கு ஒன்று. முதல் நாள் அவன் சொன்னது, 'மேல் பொத்தானை நானே போட்டேன்.' இன்னொரு நாள், 'மேகம் உடைந்து இரண்டாகப் போனது.' ஒரு நாள் எதுவும் இல்லை என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான், நான் வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு நாள், அன்று மாலை நான் அவனிடம் மிகவும் கத்தியிருந்தேன், தண்ணீரைக் கொட்டியதற்காக. அன்று இரவு அவன் சொன்னான்: 'அம்மா கத்தினாள். அப்புறம் வந்து மன்னிப்புக் கேட்டாள். அதைக் காட்டலாம்.' இருட்டாக இருந்தது நல்லதாகப் போயிற்று. நான் அழுததை அவன் பார்க்கவில்லை.

அவன் கேட்ட ஒரு கேள்வியையும் சொல்லிவிடுகிறேன். 'கடவுளுக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகு நாம் ஏன் காட்ட வேண்டும்?' நான் சொன்னேன்: 'இன்று நீ ஷூ போட்டபோது நான் பக்கத்திலேயே இருந்தேன். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். ஆனாலும் நீ அம்மா பார், அம்மா பார் என்றாயே.' கொஞ்ச நேரம் யோசித்தான். 'அது வேறு' என்றான். தூங்கிவிட்டான். அவனுக்கு என் பதில் போதவில்லை. எனக்கு அது இன்னும் போதுமானதாகத்தான் இருக்கிறது.

இப்போது நடை. சின்னவள் நடக்கத் தொடங்கியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் கேரன் அடால்ஃப் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 12 முதல் 19 மாதம் வரையுள்ள குழந்தைகள் விளையாடும்போது எவ்வளவு நடக்கிறார்கள் என்று எண்ணியிருக்கிறார்கள். 2012இல் வெளியிட்ட கணக்கு அது. சராசரியாக ஒரு மணி நேரத்தில் 2,368 காலடிகள், 17 விழுதல்கள். அந்தப் பதினேழைப் படித்த பிறகு எனக்குப் பதற்றம் குறைந்துவிட்டது. அவள் விழுவது என் கவனக்குறைவு இல்லை, நடை என்பதே அப்படித்தான் வருகிறது.

ஆனால் நான் சொல்ல வந்தது விழுந்த அடுத்த நொடியைப் பற்றி. உங்கள் வீட்டிலும் பார்த்திருப்பீர்கள். குழந்தை பொத்தென்று உட்காரும். உடனே அழாது. தலையை நிமிர்த்தி உங்கள் முகத்தைத் தேடும். அந்த அரை நொடியில் உங்கள் முகம் என்ன சொல்கிறதோ அதன்படி அழும், அல்லது எழுந்து போகும்.

1985இல் இதைப் பற்றி ஒரு பரிசோதனை வெளியானது. கனமான கண்ணாடி பதித்த மேசை. பாதியைத் தாண்டியதும் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் இருப்பது போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தையை ஒரு பக்கம் விட்டு, தாயை எதிர்ப்பக்கம் நிற்க வைத்தார்கள். பேசக் கூடாது, முகம் மட்டும். தாய் மலர்ந்த முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 குழந்தைகள் அந்தப் பள்ளத்தைக் கடந்து வந்தன. அச்சம் காட்டிய முகத்தைப் பார்த்த 17 குழந்தைகளில் ஒன்றுகூடக் கடக்கவில்லை.

ஒன்றுகூட இல்லை. எதிரே இருப்பது பத்திரமா, ஆபத்தா என்பதை அந்தக் குழந்தைகள் தரையைப் பார்த்து மட்டும் முடிவு செய்யவில்லை, அம்மாவின் முகத்தில் படித்தார்கள்.

இதைப் படித்தபோது முதலில் பயம்தான் வந்தது. என் முகத்துக்கு இவ்வளவு பொறுப்பா? களைத்த முகம், போனில் கெட்ட செய்தி படித்த முகம், வீட்டுச் செலவை நினைத்துச் சுருங்கிய முகம். இவற்றையெல்லாம் இரண்டு பிள்ளைகள் நாள் முழுவதும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். சிரித்த முகத்தைப் போட்டுக்கொள்வது எனக்கு வராது. பிள்ளைகளும் நம்ப மாட்டார்கள். அப்படியானால் எனக்கு முன்னால் பள்ளம் தெரியும்போது நான் நிமிர்ந்து பார்க்க ஒரு முகம் வேண்டும். எனக்கு நம்பிக்கை என்பது இப்போது அதுதான். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நிற்கிறார், அவர் முகத்தில் அச்சம் இல்லை. அதைப் பார்த்துக்கொண்டுதான் நான் தவழ்கிறேன்.

கடவுள் நம்பிக்கை இல்லாத நண்பர்களும் இந்த வீடியோக்களைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். உங்களை எங்கேயும் இழுக்க நான் இதைச் சொல்லவில்லை. குழந்தை விரல் நீட்டும்போது அந்தப் பக்கம் திரும்பிப் பாருங்கள், அதற்கு எந்த நம்பிக்கையும் தேவையில்லை. அதுவே பெரிய மகிழ்ச்சி.

போன மாதம் சின்னவளுக்குக் கடுமையான காய்ச்சல். இரவு முழுவதும் கேட்டேன். குறைத்துவிடு, குறைத்துவிடு என்று மட்டும்தான். விடிந்தபோது ஒரு தயக்கம்: பழையபடி கேட்கிறவளாகிவிட்டேனோ? பிறகு அவளையே நினைத்தேன். அவள் என்னிடம் கையை விரித்துப் பாயும்போது, இவள் எப்போதும் கேட்கிறாளே என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றியதில்லை. தூக்கிக்கொள்கிறேன். சொட்டைக் காட்டியபோதும் மகிழ்ந்தேன், தூக்கச் சொன்னபோதும் மகிழ்ந்தேன். அதனால் கேட்பதையும் நான் விடப்போவதில்லை.

குழாயை மறந்துவிட்டேன் பாருங்கள். என் கணவர் ஒரு விடுமுறை நாளில் வாஷர் மாற்றிச் சரிசெய்துவிட்டார். மறுநாள் காலை சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். விரலை நீட்டினாள். காத்திருந்தாள். ஒன்றும் விழவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், குழாயைப் பார்த்தாள், மறுபடி என் முகம். அவள் விரலை மடக்கவே இல்லை. குழாயை ஒரு மயிரிழை திறந்தேன். நீர்க்கோடு கூடியது. இப்போது தினமும் காலையில் பத்துச் சொட்டு நாங்கள் இருவரும் பார்க்கிறோம், அதன் பிறகுதான் பாத்திரம்.

எழுந்துவிட்டாள். சத்தம் கேட்கிறது, இதோ தூக்கி வருகிறேன்.

வா, வா. கண்ணெல்லாம் வீங்கியிருக்கிறது. எல்லோருக்கும் வணக்கம் சொல்கிறாயா? வேண்டாமா? சரி.

எதைக் காட்டுகிறாள் தெரிகிறதா? கேமராவில் சிவப்பாக ஒரு விளக்கு எரிகிறது, அதைத்தான். இத்தனை மாதம் இதில் பேசியிருக்கிறேன், அது இப்படி விட்டுவிட்டு எரிகிறது என்று கவனித்ததே இல்லை.

ஆமாம் கண்ணே. அம்மாவும் பார்க்கிறேன்.