கால் நொடிக்குள் ஒரு மான்: வில்வேட்டைப் பருவம் சொல்லித்தரும் பாடங்கள்

[காட்சி: விடிவதற்கு முன் ஓக் மரக்காடு. தரையெல்லாம் காய்ந்த சருகு. தூரத்தில் ஒரு வெள்ளைவால் மான் தலை தூக்கி நிற்கிறது.]

வணக்கம். ஒரு சின்னக் கணக்கோடு ஆரம்பிப்போம். இன்றைய காம்பவுண்டு வில்லிலிருந்து, அதாவது கப்பிகள் பூட்டிய வில்லிலிருந்து, கிளம்பும் அம்பு நொடிக்குச் சுமார் 280 அடி பறக்கும். ஒலியோ நொடிக்குச் சுமார் 1,100 அடி போகும். மான் 20 கஜத்தில், அதாவது 60 அடியில் நிற்கிறது என்று வையுங்கள். நாண் அதிரும் சத்தம் 0.05 நொடியில் அதன் காதில் விழுந்துவிடும். அம்பு போய்ச்சேர 0.21 நொடி ஆகும். அதே மான் 40 கஜத்தில் நின்றால் சத்தத்துக்கு 0.11 நொடி, அம்புக்கு 0.43 நொடி.

[காட்சி: இரண்டு கோடுகள் போட்டி போட்டு ஓடுகின்றன. ஒலிக்கோடு முதலில் மானைத் தொடுகிறது.]

சத்தம் கேட்டதற்கும் அம்பு வந்ததற்கும் நடுவே மானுக்குக் கிடைக்கும் நேரம் அது. 20 கஜத்தில் ஏறக்குறைய ஒரு கண்சிமிட்டும் நேரம்தான். 40 கஜத்தில் அது இரண்டு மடங்காகிறது. ஒரு பருவம் முழுக்க நடக்கும் தவறுகளை எடுத்துப் பார்த்தால், பல தவறுகள் இந்தச் சின்ன இடைவெளியில்தான் வந்து நிற்கும்.

நாம் பேசப்போவது அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தைப் பற்றி. அங்கே வில்வேட்டைப் பருவம் செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரிவரை ஓடும். உரிமம், டேக் (ஒரு மானைக் கொல்வதற்கான அனுமதிச்சீட்டு) இரண்டும் இல்லாமல் காட்டுக்குள் கால் வைக்க முடியாது. இந்தியாவில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: புள்ளிமான், கடமான் உட்பட நம் ஊர் மான்களை வேட்டையாடுவது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இது அங்கே உரிமத்தோடு வேட்டைக்குப் போகிறவர்களுக்கான வீடியோ.

[காட்சி: மான் பதுங்கும் அசைவு, மெதுவேகத்தில்.]

சத்தம் கேட்டதும் மான் என்ன செய்கிறது? அம்பைப் பார்த்து அது குனிவதில்லை. பாய்ந்து ஓடுவதற்காக முதலில் கால்களை மடக்குகிறது. நாம் குதிக்கும் முன் முழங்காலை மடக்குவோமே, அதுபோலத்தான். கால் மடங்கியதும் நெஞ்சுக்கூடு பல அங்குலம் கீழே இறங்கிவிடும். நுரையீரலின் நடுவைக் குறிவைத்த அம்பு முதுகுக்கு மேலே போகும், அல்லது முதுகெலும்புக்கு மேலே உள்ள தசையை மட்டும் துளைத்துப் போகும். பிந்தையது பெரிய கொடுமை. மான் சாவதும் இல்லை, கிடைப்பதும் இல்லை.

அதனால் நெஞ்சின் உயரத்தை மூன்றாகப் பிரித்து, கீழ்ப்பகுதியின் மேல்விளிம்பில் குறி வையுங்கள். மான் அசையாமல் நின்றால் அம்பு இதயத்தின் பக்கம் போகும். இறங்கினால் நுரையீரலில் போகும். எப்படி ஆனாலும் விரைவான சாவு. காதை விறைத்து, முன்னங்காலால் தரையைத் தட்டிக்கொண்டு நிற்கும் மானா? 20 கஜத்துக்கு அப்பால் இருந்தால் அம்பு விடவே வேண்டாம்.

நடந்துபோகும் மான் வேறு சிக்கல். மணிக்கு 3 மைல் வேகம் என்றால் நொடிக்கு 4.4 அடி. 20 கஜத்துக்கு அம்பு பறக்கும் 0.21 நொடியில் அது 11 அங்குலம் முன்னே போயிருக்கும். இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடமே எட்டு, ஒன்பது அங்குலம்தான். தோளுக்குப் பின்னால் சரியாக வைத்த குறி குடலில் போய் விழுவது இப்படித்தான். வாயால் 'மே' என்று மெல்லக் கத்தினால் மான் நின்றுவிடும். ஆனால் நின்ற மான் இப்போது காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது என்பதையும் மறக்காதீர்கள். ஆகவே முதலில் வில்லை முழுக்க இழுத்துப் பிடியுங்கள், சைட்டில், அதாவது வில்லின் குறிபார்க்கும் கருவியில், உள்ள குறிமுள்ளை மான் நிற்கப்போகும் இடைவெளியில் வையுங்கள், அதன் பிறகுதான் கத்த வேண்டும். இந்த வரிசை தலைகீழானால், மான் நின்று உங்களையே பார்த்துக்கொண்டிருக்கும், நீங்கள் வில்லை இழுக்க முடியாமல் உட்கார்ந்திருப்பீர்கள்.

[காட்சி: மானின் உடல் வரைபடம். மேலிருந்து, பக்கத்திலிருந்து.]

மான் நிற்கும் கோணத்தில் இரண்டு மட்டுமே வில்லுக்கு உகந்தவை. ஒன்று, முழுப் பக்கவாட்டு. இன்னொன்று, சற்றே முதுகு காட்டி விலகி நிற்பது. இரண்டாவதில் அந்தப்பக்கத்து முன்னங்காலைக் குறியாக எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு எங்கே நுழைகிறது என்பதைவிட எங்கே வெளியே வரும் என்பதுதான் கணக்கு. உங்களை நோக்கிச் சாய்ந்து நிற்கும் மானில் தோள்பட்டை எலும்பு மறிக்கும். அதைத் தாண்டினாலும் ஒரு நுரையீரல்தான் கிடைக்கும். ஒற்றை நுரையீரலோடு மான் வெகுதூரம் போகும்.

மரத்தின் மேல் உட்காருவதால் இது இன்னும் கூர்மையாகிறது. 20 அடி உயர ட்ரீ ஸ்டாண்டிலிருந்து (மரத்தில் கட்டும் இருக்கை) 20 கஜத்தில் தரையைப் பார்த்தால் கோணம் 18 பாகை. 10 கஜத்தில் 34 பாகை. மரத்தடிக்கே மான் வந்துவிட்டால் அம்பு முதுகில் நுழைந்து ஒரு நுரையீரலோடு நின்றுவிடும். "எவ்வளவு பக்கமோ அவ்வளவு நல்லது" என்பது இங்கே பொய். 15 முதல் 25 கஜத்துக்குள் மான் வருகிற மாதிரி ஸ்டாண்டு போடுங்கள். ஆனால் தூரத்தைக் கோணத்துக்காகத் திருத்துவது பற்றிக் கவலை வேண்டாம். 60 அடி தள்ளி நிற்கும் மானுக்கு மேலிருந்து நேர்கோட்டுத் தூரம் 63 அடி. வித்தியாசம் ஒரே ஒரு கஜம். தவறு நடப்பது கையைத் தாழ்த்தி எய்வதில். கையை அப்படியே வைத்து, இடுப்பிலிருந்து உடலைக் குனியுங்கள்.

[காட்சி: ஹார்னஸ், கயிறு, பிரூசிக் முடிச்சு.]

மரம் ஏறும் விஷயத்தில் சமரசமே கூடாது. உச்சியில் உட்கார்ந்த பிறகு ஹார்னஸை, அதாவது உடலில் அணியும் பாதுகாப்புப் பட்டையை, மாட்டுவதில் பாதிப் பாதுகாப்புதான், ஏனென்றால் ஆட்கள் விழுவது ஏறும்போதும் இறங்கும்போதும், படியிலிருந்து ஸ்டாண்டுக்குக் கால் மாற்றும்போதும். மரத்தின் மேலே கட்டித் தரைவரை தொங்கும் ஒரு கயிறு, அதில் பிரூசிக் முடிச்சு, அதாவது கையால் தள்ளினால் நகர்ந்து, எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் முடிச்சு. தரையிலேயே ஹார்னஸை முடிச்சோடு இணைத்துவிட்டு, ஏறஏற முடிச்சை மேலே தள்ளிக்கொண்டு போக வேண்டும். மேலே கட்டும் பட்டை தலைக்கு மேல் இருக்கட்டும், தொய்வு இருக்கக் கூடாது. விழுந்து தொங்க நேர்ந்தால் தொடைப்பட்டை ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், ஆகவே கால் ஊன்றிக்கொள்ளும் வாரை எப்போதும் எட்டும் இடத்தில் வையுங்கள். வில்லைக் கையில் வைத்துக்கொண்டு ஏறாதீர்கள். மேலே போய்ச் சேர்ந்தபின் கயிற்றால் இழுத்துக்கொள்ளலாம். போன வருடம் மரத்திலேயே விட்டுவந்த பட்டைகளை நம்பவே வேண்டாம். வெயில் அதை உள்ளே இற்றுப்போகச் செய்திருக்கும், அணில் கடித்திருக்கும்.

சரி, மானுக்கு நாம் இருப்பது எப்படித் தெரிகிறது? கண்ணை, காதை ஏமாற்றலாம். மூக்கை ஏமாற்ற முடியாது. வாசனை போக்கும் சோப்பு, ஸ்ப்ரே எல்லாம் ஓரளவு உதவும், ஆனால் காற்றுவாக்குக்கு முன் அவை பெரிதல்ல. காலையில் வெயில் ஏறஏற நிலம் சூடாகிக் காற்று மேட்டை நோக்கி ஏறும். மாலையில் குளிர்ந்த காற்று தண்ணீர்போலப் பள்ளத்துக்கு வடியும். காலையில் அருமையாக இருந்த அதே மரம் மாலையில் உங்கள் வாசனையை நேரே மான்தடத்துக்கு அனுப்பிவிடுவது இதனால்தான். எருக்கம்பஞ்சு போன்ற மில்க்வீட் பஞ்சைக் கொஞ்சம் பையில் வைத்திருங்கள். ஓர் இழையைப் பறக்கவிட்டுப் பாருங்கள்.

[காட்சி: வெண்பஞ்சு ஒன்று மெல்ல மிதந்து, 30 கஜம் தாண்டி, திடீரென்று ஓடைப் பள்ளத்துக்குள் இறங்குகிறது.]

உங்கள் பக்கத்தில் ஒரு திசையில் போன பஞ்சு, 30 கஜம் தள்ளித் திசை மாறுகிறது பாருங்கள். காற்றின் திசை பார்க்கப் பீய்ச்சும் பவுடர் புட்டி இதைக் காட்டாது.

காற்று சரியில்லாத நாளில் நல்ல மரத்துக்குப் போகாமல் இருப்பது கடினம்தான். போனால் சில நாளில் அந்த இடமே கெட்டுப்போகும். போகும்வழி, திரும்பும்வழி இரண்டும் மான் மேயும் வயலைத் தொடாமல் இருக்க வேண்டும்.

பருவம் முழுக்க மான் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. செப்டம்பரில் சோயா வயல், வயிறு, படுக்கை, அவ்வளவுதான். அக்டோபரில் வெள்ளை ஓக் கொட்டை விழ ஆரம்பித்ததும் பசும்வயலில் மான் காணாமல் போகும். மான் எங்கேயும் போகவில்லை, ஓக் மரத்தடியில் இருக்கிறது. நவம்பர் முதல் இரண்டு வாரம் ரட், அதாவது இணைசேரும் காலம். கிடாக்கள் பகலிலும் அலையும். இரண்டு காட்டுத்துண்டுகளை இணைக்கும் குறுகலான இடத்தில் விடியல் முதல் இருட்டும்வரை உட்கார்வதற்கு ஏற்ற ஒரே காலம் இதுதான். நவம்பர் நான்காம் வியாழனில் வரும் நன்றி அறிதல் நாளுக்கு முந்தைய சனிக்கிழமை ஒன்பது நாள் துப்பாக்கிப் பருவம் தொடங்கும். அப்போது வில்லோடு போகிறவர்களும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு அல்லது இளஞ்சிவப்பு உடை போட்டே ஆக வேண்டும். டிசம்பரில் மீண்டும் தீனிதான்.

டிசம்பருக்கு என்று ஒரு எச்சரிக்கை. செப்டம்பரில் 65 பவுண்டு இழுத்த கை, மூன்று மணிநேரம் உறைபனியில் உட்கார்ந்தபின் அதை இழுக்காது. தடித்த ஜாக்கெட்டின் கையில் நாண் உரசினால் அம்பு பக்கவாட்டில் போகும். ஐந்து, பத்து பவுண்டு குறைத்துக்கொள்ளுங்கள். குறைத்தால் அம்பு விழும் இடம் மாறும், ஆகவே சைட்டை மறுபடி சரிசெய்யுங்கள். வேட்டைக்குப் போடும் அதே உடையில், ஹார்னஸோடு, உட்கார்ந்தபடி பயிற்சி எடுங்கள்.

[காட்சி: இலக்கு அட்டை. பயிற்சி முனை அம்புகள் நடுவில், பிராட்ஹெட் அம்புகள் நான்கு அங்குலம் இடப்பக்கம்.]

பயிற்சி முனையில் அருமையாகக் குறி விழும், பிராட்ஹெட், அதாவது வேட்டைக்கான அகன்ற அலகுமுனை, மாட்டியதும் இடப்பக்கம் போகும். ஏன்? பிராட்ஹெட்டின் அலகுகளும் சின்ன இறக்கைகளே. அம்பு கொஞ்சம் கோணலாகக் கிளம்பினாலும் முன்னால் இருக்கும் இறக்கை அதைத் திருப்பிவிடும். இங்கே சைட்டைத் தொடாதீர்கள். அம்பைத் தாங்கும் ஆரோ ரெஸ்டை அங்குலத்தில் 32இல் ஒரு பங்கு, வலப்பக்கம் நகர்த்துங்கள். மூன்று அம்பு எய்து பாருங்கள். இரண்டு வகை அம்புகளும் ஒரே இடத்தில் விழும்வரை இதே வேலை. எவ்வளவு நகர்த்தியும் சேரவில்லையென்றால் அம்பின் விறைப்பு வில்லுக்குப் பொருந்தவில்லை என்று அர்த்தம். 400 முதல் 450 கிரெயின், அதாவது 26 முதல் 29 கிராம் எடையுள்ள அம்பு மானுக்குத் தாராளம். பயிற்சிக்குப் பயன்படுத்திய அலகோடு காட்டுக்குப் போகாதீர்கள். ஒரு ரப்பர்பேண்டை இழுத்துப் பிடித்து அலகால் மெல்லத் தொடுங்கள். தொட்ட உடனே அறுபடாவிட்டால் அந்த அலகு வேண்டாம்.

இப்போது எய்தாகிவிட்டது. அசையாதீர்கள். பருவம் சொல்லித்தரும் பாடங்களில் இதுதான் பெரியது: மான்கள் தொலைந்துபோவது பெரும்பாலும் அம்பு பட்டதற்குப் பிறகான ஒரு மணிநேரத்தில்.

மான் எங்கே நின்றது, கடைசியாக எந்த மரத்தின் பக்கம் மறைந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். மேலிருந்து பார்த்த இடம் தரையில் இறங்கினால் அடையாளமே தெரியாது. பட்டவுடன் பின்னங்காலை உதைத்துத் துள்ளி ஓடினால் நெஞ்சில் பட்டிருக்கலாம். முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்துபோனால் வயிறு.

பிறகு அம்பைப் போய்ப் பாருங்கள்.

[காட்சி: மிக நெருக்கமாக. சருகில் கிடக்கும் அம்பு. தண்டில் இளஞ்சிவப்பு ரத்தம், அதில் கடுகளவு நுரைக்குமிழிகள்.]

இளஞ்சிவப்பு, நுரை. இது நுரையீரல். அரைமணிநேரம் பொறுங்கள், மான் பக்கத்திலேயே கிடக்கும். நுரை இல்லாத கருஞ்சிவப்பு என்றால் ஈரல், நான்கு முதல் ஆறு மணிநேரம். தண்டில் பச்சை, பழுப்புப் பிசுக்கு, முகர்ந்தால் சாண நாற்றம், இறகு கொழகொழப்பு. குடல். எட்டு முதல் பன்னிரண்டு மணிநேரம். அவ்வளவு நேரமா என்று மனது அடித்துக்கொள்ளும். தொந்தரவு செய்யாவிட்டால் அந்த மான் பக்கத்துப் புதரில் படுத்துவிடும். பின்னால் போய் எழுப்பிவிட்டால், ரத்தம் சிந்தாமல் பக்கத்து ஊர்வரை நடக்கும். கொயோட்டி (ஓநாய் இனத்துச் சிறு விலங்கு) வரும், இறைச்சி கெடும் என்ற பயம் நியாயமானதே. வெயில் நாளில் அது உண்மையான நெருக்கடி. இருந்தாலும் எழுப்பிவிட்ட மானைவிடப் படுத்த மான் கிடைக்க வழி அதிகம்.

தேடும்போது ரத்தத் தடத்தின் மேல் நடக்காமல் ஓரமாக நடங்கள். கடைசித் துளியில் ஒரு டாய்லெட் பேப்பர் துண்டைத் தொங்கவிடுங்கள். திரும்பிப் பார்த்தால் மான் போன கோடு தெரியும். சிவந்த இலையா ரத்தமா என்று சந்தேகம் வந்தால் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு, ரத்தம் என்றால் நுரைக்கும். தடம் அற்றுவிட்டால் ஆட்களைக் கூட்டிக் காட்டை மிதிக்காதீர்கள். கயிற்றில் பிடித்த மோப்பநாயைப் பயன்படுத்த விஸ்கான்சினில் அனுமதி உண்டு. பக்கத்து நிலத்துக்குள் மான் போயிருந்தால் உரிமையாளரிடம் கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும்.

கிடைத்த மானை முதுகுப்பக்கமாக நெருங்கிக் கண்ணை ஒரு குச்சியால் தொடுங்கள். இமைக்காவிட்டால் உயிரில்லை. மறுநாள் மாலை 5 மணிக்குள் பதிவு செய்ய வேண்டும். கையுறை போட்டு, மூன்று அங்குலக் கத்தியின் கூர்ப்பக்கம் மேலே பார்க்க, இரண்டு விரலால் குடலை அழுத்திக்கொண்டு கிழியுங்கள். கத்தி ஆழமாகப் போனால் வயிற்றுப்பை கிழியும், இறைச்சி நாறும். செப்டம்பர் வெயிலில் குடல் எடுத்த கையோடு நெஞ்சுக்கூட்டுக்குள் ஐஸ் மூட்டைகளை வையுங்கள். இறைச்சி 4 பாகை செல்சியஸுக்குக் கீழே சீக்கிரம் போக வேண்டும். முதலில் கெடுவது இடுப்பெலும்பை ஒட்டிய தசை.

கடைசியாக நலிவு நோய், அதாவது மான்களைக் கொல்லும் ஒரு மூளைநோய். சி.டபிள்யூ.டி. என்பார்கள். விஸ்கான்சின் காட்டுமான்களில் 2002இல் கண்டுபிடிக்கப்பட்டது. பிரியான் என்ற கோணல் புரதம் இதற்குக் காரணம், சமைத்தாலும் அது அழியாது. மனிதருக்கு இது தொற்றியதாக நிரூபணம் இல்லை. இருந்தாலும் நோயுள்ள மானைச் சாப்பிட வேண்டாம் என்று அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் சொல்கிறது. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் மானிலும் நோய் இருக்கலாம். ஆகவே முதுகெலும்பை ரம்பத்தால் அறுக்காமல், எலும்பிலிருந்து இறைச்சியைப் பிரித்தெடுங்கள். தலையை ஐந்து அங்குலக் கழுத்தோடு வெட்டி, மாநில இயற்கைவளத் துறை வைத்திருக்கும் சேகரிப்புப் பெட்டியில் போடுங்கள். தொண்டைக்குப் பின்னால் இருக்கும் நிணநீர்க் கணுக்களைத்தான் ஆய்வகத்தில் பார்ப்பார்கள்.

[காட்சி: ஃப்ரீசர். வெள்ளைத் தாளில் சுற்றிய பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் எழுதிய ஆய்வு எண்.]

ஆய்வுக்குக் கொடுத்த தலைக்கு உரிய எண்ணை அந்த மானின் ஒவ்வொரு பொட்டலத்திலும் எழுதுங்கள். இரண்டு மான் இறைச்சியை ஒன்றாக அரைக்காதீர்கள். ஆய்வு முடிவு வரும்வரை பொட்டலம் ஃப்ரீசரிலேயே இருக்கட்டும்.