கோ-டூவுக்கும் ஓர் இடம் உண்டு: திருகோணமலைப் பட்டிமன்றத்தில் ஓர் உரை

நடுவர் அவர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, உயர்தரத்தில் தகவல் தொழினுட்பம் படிக்கும் திருகோணமலைப் பிள்ளைகளே, வணக்கம். நிரலின் ஓட்டத்தை லேபிள் என்ற பெயர்க்குறி இட்ட வேறொரு வரிக்கு நேரே தாவச் செய்யும் ‘கோ-டூ’ கூற்று கூடவே கூடாது என்று எதிரணித் தலைவர் அடித்துச் சொல்லிவிட்டு அமர்ந்திருக்கிறார். சில இடங்களில் அது வேண்டும் என்று வாதாட எழுந்திருக்கிறேன்.

1968இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கோ-டூவைக் கண்டித்து எழுதிய கடிதத்தை அவர் சாட்சிக்கு அழைத்தார். அதே சாட்சியை நானும் விசாரிக்கிறேன். டைக்ஸ்ட்ராவின் கவலை என்ன? ஓட்டம் எங்கே நிற்கிறது, எப்படி அங்கே வந்தது என்பதை நிரலின் எழுத்தைப் பார்த்தே சொல்ல முடிய வேண்டும். மேலும் கீழும் தாவும் நிரலில் அது முடியாது. நியாயமான கவலை. அந்த அளவுகோலாலேயே அளப்போம்.

சி மொழியில் ஒரு சாதன இயக்கி, அதாவது ஒரு சாதனத்தைக் கணினியோடு சேர்த்து இயக்கும் நிரல். முதலில் நினைவகம் பெறுகிறது, பிறகு சாதனம் கணினியின் கவனத்தை அழைக்கும் இன்டரப்டைப் பதிவு செய்கிறது, பிறகு சாதனத்தைத் தொடக்குகிறது. மூன்றாவது படி தோற்றால் இரண்டாவதையும் முதலாவதையும் தலைகீழ் வரிசையில் விடுவிக்க வேண்டும். கோ-டூ இல்லாவிட்டால், பெரும்பாலும் ‘இஃப்’ என்ற நிபந்தனைக் கூற்றுக்குள் இன்னோர் இஃப்பாக நிரல் வலப்பக்கம் ஒதுங்கிக்கொண்டே போகும். இல்லையேல் விடுவிக்கும் வரிகளைத் தோல்வி வரும் இடமெல்லாம் திரும்ப எழுத வேண்டும். நாளைக்கு இன்னொருவர் நான்காவது படியைச் சேர்த்து, ஓர் இடத்தில் மட்டும் விடுவிக்க மறந்தால் போதும்: இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலில் அந்த நினைவகம் கணினியை மீளத் தொடக்கும் வரை திரும்பாது. கோ-டூ இருந்தால் அவ்வரிகள் செயற்கூறின், அதாவது ஒரு வேலைக்கென எழுதிய அந்த நிரல் பகுதியின், அடியில் ஒரே இடத்தில், லேபிளோடு நிற்கும். தாவல் கீழ்நோக்கி மட்டுமே. கோ-டூவால் செயற்கூறை விட்டு வெளியே தாவ சி மொழி விடுவதும் இல்லை. லினக்ஸ் கெர்னலின் நிரல் நடை விதிகளே இம்முறையை ஏற்கின்றன. டைக்ஸ்ட்ரா கேட்ட தெளிவு இங்கே எங்கே கெட்டது?

2014இல் ஆப்பிள் நிறுவனத்தின் பாதுகாப்பு நிரலில் வந்த ‘கோ-டூ ஃபெயில்’ பிழையை எதிரணி காட்டியது. அங்கே ஒரே வரி இருமுறை விழுந்திருந்தது. இஃப்புக்கு அடைப்புக்குறி இல்லாததால் இரண்டாவது வரி நிபந்தனையின்றி ஓடியது. இணைப்பின் மறுமுனை உண்மையானதா என்று பார்க்கும் மின்கையொப்பச் சரிபார்ப்பு நடக்காமலே போனது. அந்த வரியில் கோ-டூவுக்குப் பதில் ‘ரிட்டர்ன்’ இருந்திருந்தாலும் இதே ஓட்டைதான். குற்றவாளி அடைப்புக்குறி இல்லாத இஃப். தண்டனை மட்டும் கோ-டூவுக்கா?

கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1974லேயே கோ-டூ எங்கே உதவும், எங்கே வேண்டாம் என்று விரிவாக எழுதிவிட்டார். முழுத்தடை கேட்பவர்கள் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

நடுவர் அவர்களே, அந்த மூன்று படிச் செயற்கூறையே எதிரணியிடம் ஒப்படைக்கிறேன். கோ-டூ இல்லாமல், எந்த வரியும் இருமுறை வராமல் எழுதி, இந்த அவைக்குப் படித்துக் காட்டட்டும். எங்கள் வடிவத்தையும் பக்கத்தில் வைக்கிறோம். எது விளங்குகிறது என்று முன்வரிசைப் பிள்ளைகளைக் கேட்டுவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்.