தொழுகை நேரம் எல்லோருக்கும் தெரியும்

எல்லோருக்கும் என் ஸலாம், வணக்கம். போர்க்காலத்தில் பள்ளிவாசல்கள் என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். எத்தனை பள்ளிவாசல் இடிந்தது என்று கணக்குச் சொல்லிவிட்டு இறங்கிவிடலாம். ஆனால் இலங்கையின் கிழக்கிலும் வடக்கிலும் 1990இல் நடந்தது புரிய வேண்டுமென்றால், பள்ளிவாசல் ஓர் ஊருக்கு என்னவெல்லாம் செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

தொழுகை ஒரு பக்கம் இருக்கட்டும். கல்யாணப் பேச்சு, காணிப் பிணக்கு, ஸகாத் என்ற ஏழைவரிப் பங்கீடு, நோன்புக் கஞ்சி, மையித்தை, அதாவது இறந்தவர் உடலைக் குளிப்பாட்டி அடக்குவது எல்லாம் ஜமாஅத்தின், அதாவது பள்ளிவாசலைச் சேர்ந்த ஊர்க் கூட்டத்தின் வேலை. ஊரடங்கு போட்டு, அரசாங்கக் கந்தோர்கள், அதாவது அலுவலகங்கள் பூட்டிக் கிடக்கிற நாளில் இயங்குகிற நிர்வாகம் பள்ளிவாசலின் நம்பிக்கையாளர் சபை மட்டும்தான். யார் வீட்டில் அரிசி இல்லை, வயலுக்குப் போன எவர் திரும்பவில்லை என்பதெல்லாம் சுபஹு என்ற அதிகாலைத் தொழுகைக்கு வந்தவர்கள் வாயிலாகத்தான் தெரியவரும்.

ஐந்து வேளையும் குறித்த நேரத்தில் கூடுவதால்தான் இவ்வளவும் நடக்கிறது. கொல்ல வருகிறவனுக்கும் அந்த நேரம் தெரியும்.

1990 ஆகஸ்ட் 3, வெள்ளிக்கிழமை இரவு. மட்டக்களப்பு மாவட்டத்துக் காத்தான்குடியில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுஸைனியாப் பள்ளிவாசலிலும் இஷாத் தொழுகை. தொழுகையில் நிற்பவர் திரும்பிப் பார்க்க மாட்டார். வரிசை வரிசையாக முதுகு காட்டி நின்றவர்களைச் சுட்டார்கள். சிறுவர்களும் சேர்த்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். விடுதலைப் புலிகள் பொறுப்பை மறுத்தார்கள். உயிர் தப்பியவர்கள் சுட்டது அவர்கள்தான் என்று சாட்சி சொன்னார்கள். மீரா பள்ளிச் சுவரில் குண்டுத் துளைகளைப் பூசாமல் விட்டிருக்கிறார்கள். ஆனால் நினைவிடம் என்று பூட்டி வைக்கவில்லை, ஐந்து வேளையும் தொழுகை நடக்கிறது. அதுதான் சரி என்று எனக்குப் படுகிறது.

அடுத்த வாரமே ஏறாவூரில் முஸ்லிம்கள் வெட்டியும் சுட்டும் கொல்லப்பட்டார்கள். அதே நாட்களில் வீரமுனைப் பிள்ளையார் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் முஸ்லிம் ஊர்காவல் படையினர். ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கிவிடும் மேடைகள் நம்மிடம் நிறையவே உண்டு. இந்த மேடையும் அப்படி ஆகிவிடக் கூடாது.

அப்புறம் அக்டோபர். யாழ்ப்பாணத்தில் 30ஆம் தேதி புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெரு ஜனங்களை ஒஸ்மானியாக் கல்லூரித் திடலுக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் வெளியேற வேண்டும். நகையும் பணமும் வழியில் பறிபோயின. மன்னார்க் கரையிலிருந்து பலர் வள்ளத்தில் புத்தளம் மாவட்டத்துக் கற்பிட்டிக்கு வந்தார்கள். வட மாகாணம் முழுவதிலுமிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் ஏறக்குறைய 70,000 பேர். புலிகளின் சார்பில் அன்ரன் பாலசிங்கம் இதை அரசியல் தவறு என்று ஒப்புக்கொள்ள 2002 வரை ஆனது.

வந்தவர்களுக்குப் புத்தளத்துப் பள்ளிவாசல்களும் பள்ளிக்கூடங்களும் இடம் கொடுத்தன. ஒரு வாரம், மிஞ்சினால் ஒரு மாதம் என்றுதான் நினைத்தார்கள். ஆனால் ஓலைக் கொட்டில்களில் ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. அங்கே பிறந்தவர்களுக்குக் கல்யாணம் எழுதியதும், அவர்களுடைய பெரியவர்களை மையவாடியில் அடக்கியதும் புத்தளத்தில்தான்.

2009இல் போர் முடிந்ததும் மீள்குடியேற்றம் என்றார்கள். காணி உறுதி, வீட்டுத் திட்டம், வாக்காளர் பதிவு என்று விண்ணப்பப் படிவங்கள் வந்தன. எல்லாம் குடும்பக் கணக்கு. ஜமாஅத்துக்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. சோனகத் தெருவில் கூரையில்லாத வீட்டைத் திருத்திக் கொடுத்தால் ஒரு குடும்பம் போகும். அந்தத் தெருவில் மையித்தைச் சுமக்கும் சந்தூக்கைத் தூக்க ஆள் வேண்டாமா? பிள்ளைக்கு ஓதிக்கொடுக்க ஒருவர், சண்டை வந்தால் பேசித் தீர்க்க நாலு பேர் வேண்டாமா? போய்ப் பார்த்துவிட்டு மறுபடி புத்தளத்துக்கே பஸ் ஏறியவர்களைச் சோம்பேறிகள் என்று எழுதிய அதிகாரிகளிடம் நான் கேட்பது இதைத்தான்.