முள் அறுபதைத் தாண்டியே நின்றது, சிலிண்டர் காலி

வணக்கம் மக்களே. இன்றைக்கு ரொட்டாலா செடியை வெட்டி நடும் வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது தள்ளிப் போகிறது. காரணம் இதோ, இந்தச் சிலிண்டர். மீன்தொட்டிச் செடிகளுக்கு விடும் சிஓ2, அதாவது கார்பன் டை ஆக்சைடு, இரண்டு கிலோ. நிரப்பி வந்து பத்தொன்பதே நாளில் காலி! என் இரண்டடித் தொட்டிக்கு இது குறைந்தது ஆறு மாதம் ஓட வேண்டும். நொடிக்கு இரண்டு குமிழி, ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம், அவ்வளவுதான் விடுகிறேன். முந்தைய தடவை ஏழரை மாதம் வந்தது, அந்த வீடியோவும் சேனலில் இருக்கிறது.

முந்தாநாள் காலையில் தொட்டி அருகே வந்தால், பன்னிரண்டு கார்டினல் டெட்ராவும் தண்ணீரின் மேல்மட்டத்தில் வாயைப் பிளந்து நிற்கின்றன. இறால்கள் ஃபில்டர் குழாயைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறப் பார்க்கின்றன. தண்ணீரில் சிஓ2 எவ்வளவு என்று நிறத்தால் காட்டும் டிராப் செக்கர், பச்சையாக இருக்க வேண்டியது, எலுமிச்சை மஞ்சள். பபிள் கவுண்டரில் குமிழியை எண்ணவே முடியவில்லை, ஒரே கோடாகப் போகிறது. உடனே சிலிண்டர் வால்வை மூடினேன், ஏர் பம்ப்பைப் போட்டேன், பாதித் தண்ணீரை மாற்றினேன். நாற்பது நிமிடத்தில் மீன்கள் கீழே இறங்கின. ஒன்றுகூடச் சாகவில்லை. அந்த நாற்பது நிமிடமும் நான் நாற்காலியை விட்டு எழவில்லை.

பலர் கேட்பீர்கள், தண்ணீரில் ஆக்சிஜன் இருக்கும்போது மீனுக்கு ஏன் மூச்சு முட்டுகிறது என்று. மீனின் ரத்தத்தில் இருக்கும் சிஓ2 செவுள் வழியாக வெளியே போக வேண்டும். தண்ணீரிலேயே அது மிகுந்துவிட்டால் வெளியேற வழியில்லை. ரத்தம் அமிலமாகும், ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் திறன் குறையும். அதனால் பக்கத்தில் ஆக்சிஜன் இருந்தும் திணறுகிறது.

சரி, காலியான சிலிண்டரிலிருந்து எப்படி அதிகக் குமிழி வரும்? இதுதான் இன்றைக்கு நான் சொல்ல வந்த விஷயம், கொஞ்சம் பொறுமையாகக் கேளுங்கள். பதினெட்டு நாளும் சிலிண்டரின் அழுத்தம் காட்டும் கேஜில் முள் 60க்கும் 65க்கும் நடுவில் நின்றது. நான் தினமும் பார்த்தேன். நிரப்பிக் கொடுத்தவரும் "முள் இறங்கினால் வாங்க" என்றுதான் சொல்லி அனுப்பினார். அந்தப் பேச்சில்தான் எனக்குக் கோபம். உள்ளே சிஓ2 திரவமாக இருக்கிறது. மேலே இருக்கும் வாயு வெளியே போகப் போக, திரவம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பும். ஆகவே கொஞ்சம் திரவம் மிச்சமிருக்கும் வரைக்கும் அழுத்தம் மாறாது. 20 டிகிரியில் சுமார் 57 பார், 30 டிகிரியில் சுமார் 72 பார். முள் காட்டுவது அறையின் வெப்பத்தைத்தான், மிச்சமிருக்கும் வாயுவை அல்ல. திரவம் தீர்ந்த பிறகுதான் முள் சரியத் தொடங்கும். அப்போது, சிலிண்டரின் அழுத்தத்தை ஒரே படியில் குறைத்துக் கொடுக்கும் சாதாரண ஒற்றை நிலை ரெகுலேட்டரில், உள்ளே வரும் அழுத்தம் குறையக் குறைய வெளியே போகும் அழுத்தம் ஏறும். குமிழியைக் கூட்டிக் குறைக்கும் நீடில் வால்வு நீங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும், குமிழி மட்டும் பெருகும். காலியாகும் கடைசி நேரத்தில்தான் மீனுக்கு ஆபத்து.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். இது காலை ஒன்பது மணிக்கு நடந்தது. வாயுவைத் திறந்து மூடும் மின் வால்வான என் சாலினாய்டு எட்டு மணிக்குத் திறக்கும், விளக்கு பத்துக்கு எரியும், சிஓ2 மாலை ஐந்துக்கு நிற்கும், விளக்கு ஆறுக்கு அணையும். விளக்கு எரியும் நேரத்தில் தண்ணீரில் 30 பிபிஎம் சிஓ2, அதாவது லிட்டருக்கு 30 மில்லிகிராம், தயாராக இருக்க வேண்டும், அதற்குத்தான் இரண்டு மணி நேரம் முன்னதாகத் திறப்பது. இரவில் செடியும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும், அப்போது வாயு விடவே கூடாது. அன்றைக்கு நான் பத்து மணிக்குத்தான் எழுந்திருந்தால்... வேண்டாம், நினைக்கவே பிடிக்கவில்லை.

இப்போது கசிவு. சிலிண்டரை மறுபடி நிரப்பி மாட்டி, பாத்திரம் கழுவும் சோப்பைத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்து, சின்ன பெயின்ட் பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பாகத் தடவினேன். பபிள் கவுண்டர் சுத்தம். நீடில் வால்வு சுத்தம். கேஜ் இரண்டும் சுத்தம். சிலிண்டரும் ரெகுலேட்டரும் சேரும் பெரிய நட்டில் தடவிவிட்டு ஒரு நிமிடம் பார்த்தேன், ஒன்றுமில்லை. துடைக்கப் போன நேரத்தில் நட்டின் அடியில் கடுகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. அது மிளகு அளவாயிற்று. அப்புறம் பக்கத்தில் இன்னொன்று. மூன்று நிமிடத்தில் சுண்டைக்காய் அளவு நுரை, கொத்துக் கொத்தாக! கேமராவை எடுத்து வருவதற்குள் உடைந்துவிட்டது, மறுபடி தடவி எடுத்த காட்சிதான் இப்போது ஓடுகிறது. மக்களே, அந்த நுரையைப் பார்த்ததும் எனக்கு வந்த சந்தோஷம் மான்டி கார்லோ செடி முதன்முதலாகத் தொட்டியின் தரையை மூடியபோதுகூட வரவில்லை.

கழற்றினால், உள்ளே இந்த நைலான் வாஷர். கிட்டே காட்டுகிறேன். இந்த ஓரத்தில் நகக்கீறல் மாதிரி ஒரு பள்ளம் தெரிகிறதா? அவ்வளவுதான், இரண்டு கிலோ வாயுவில் பெரும்பகுதி இதன் வழியாகத்தான் போயிருக்கிறது. நைலான் ஒரு தடவை நசுங்கினால் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். நிரப்பும்போதெல்லாம் புதிதாகப் போட வேண்டும். ரெகுலேட்டர் பெட்டியில் ஒன்றே ஒன்று கொடுக்கிறார்கள், மாற்ற வேண்டும் என்று ஒரு வரிகூட எழுதவில்லை. இவ்வளவு கனமான பித்தளைச் சாமானோடு பத்து வாஷர் வைத்தால் என்ன?

இன்னொரு சோதனையும் செய்யுங்கள். இரவில் சாலினாய்டு அணைந்திருக்கும்போது சிலிண்டர் வால்வையும் மூடிவிடுங்கள். காலையில் முள் அதே இடத்தில் நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் சாலினாய்டுக்கு முன்னால் எங்கோ கசிகிறது. வால்வு மூடியிருக்கும்போது மட்டும் முள் உண்மை சொல்லும். அப்புறம், சிஓ2 காற்றைவிடக் கனமானது. அடைத்த சின்ன அறையில் சிலிண்டர் வைத்திருப்பவர்கள் கசிவை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எவ்வளவு மிச்சம் என்று தெரிய ஒரே வழி எடை போடுவதுதான். சிலிண்டரின் கழுத்தில் வெறும் எடையைப் பொறித்திருப்பார்கள். ரெகுலேட்டர் மாட்டாமல் எடை போட்டு அதைக் கழித்தால் உள்ளே இருக்கும் வாயு. தினமும் கழற்ற முடியாது, கழற்றினால் வாஷர் போகும். அதனால் நான் ரெகுலேட்டரோடு சேர்த்து, பயணப் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசில் கயிறு கட்டித் தூக்கிப் பார்க்கிறேன். இதோ சுவரில் ஒட்டிய தாள். புது வாஷர் போட்ட பிறகு, முந்தாநாள் 7.42 கிலோ. நேற்று 7.41. இன்று காலை 7.41. கசிந்த நாட்களில் ஒரு நாளைக்கு நூறு கிராம் போயிருக்கிறது!

கமென்டில் கட்டாயம் வரும், "இந்தத் தொல்லைக்கு லிக்விட் கார்பன் ஊற்றலாமே" என்று. பழைய ஆட்களுக்கு என் பதில் தெரியும். அந்தப் புட்டிகளில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரால்டிஹைடு, கிருமிநாசினி. பாசி சாகும், வாலிஸ்னேரியா செடியும் கரைந்து போகும். அது சிஓ2க்கு மாற்றே இல்லை. என் தொட்டிப் பக்கம் அது வராது. சிலிண்டர் வேண்டாம் என்றால் அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வையுங்கள், குறைந்த வெளிச்சத்தில் அழகாக வளரும்.

ஓ, டிராப் செக்கரில் எதை ஊற்றுவது என்று கேட்டிருந்தவருக்கு: உள்ளே தொட்டித் தண்ணீரை ஊற்றாதீர்கள். 4 டிகேஹெச் கரைசல், அதாவது கார்பனேட் கடினத்தன்மை 4 டிகிரி உள்ள கரைசல் வேண்டும், அப்போதுதான் பச்சை என்றால் சுமார் 30 பிபிஎம் என்று பொருள். நிறம் மாற ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். முந்தாநாள் அது மஞ்சளாகும் முன்பே மீன்கள் மேலே வந்திருக்கும். அதனால் காலையில் முதலில் மீனைப் பாருங்கள், அப்புறம் நிறத்தைப் பாருங்கள்.

ரொட்டாலா வீடியோ அடுத்த வாரம். ஒரு பாக்கெட் வாஷர் வாங்கி வைத்திருக்கிறேன், அதில் ஒன்றை எப்படி மாட்டுவது என்பதையும் அதே வீடியோவில் காட்டுகிறேன்.